கம்பெனி மனைவி பெயரில், செக் புக் கணவர் கையில்: ஒரு வாசகிக்குப் பதில்

கடிதத்தின் சுருக்கம்

எழுதியிருப்பவர் 36 வயதுப் பெண், பி.காம். படித்தவர், தமிழ்நாட்டில் ஒரு தொழில் நகரத்தில் வசிக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கணவர் முன்பு செய்த தொழில் நொடித்து, கடன் கட்டாமல் போய், அவருடைய சிபில் மதிப்பெண் கெட்டுவிட்டது. நான்கு வருடம் முன்பு இவர் பெயரில் அட்டைப்பெட்டி, டேப், பேக்கிங் சாமான்கள் வாங்கி விற்கும் தொழிலைத் தொடங்கியிருக்கிறார்கள். ஜிஎஸ்டி, சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு, கரண்ட் அக்கவுண்ட் எல்லாம் இவர் பெயரில். முதலீடு ஐந்து லட்சம். அதில் மூன்று லட்சம் இவருடைய பிறந்த வீட்டு நகையை அடகு வைத்தது, இரண்டு லட்சம் கணவர் போட்டது. வருட விற்றுமுதல் எழுபது லட்சத்துக்கு மேல்.

பில் போடுவது, வசூல் பாக்கியைக் குறித்து வைப்பது இவர் வேலை. மற்றதெல்லாம் கணவர். செக் புக் வந்ததும் எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவாராம். "மாதா மாதம் இருபதாம் தேதிவாக்கில் டாக்ஸ் பார்ப்பவர் போன் செய்வார். என் போனுக்கு வந்த ஆறு எண்ணைச் சொல்வேன். எதற்கு என்று கேட்டதில்லை" என்று எழுதியிருக்கிறார்.

இப்போது இரண்டு நோட்டீஸ் வந்திருக்கின்றன. ஒன்று, 4,60,000 ரூபாய் செக் திரும்பியதற்கு சப்ளையரின் வக்கீல் அனுப்பியது. இன்னொன்று, இன்புட் வரியில், அதாவது சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வதில், 1,12,000 ரூபாய் அதிகம் எடுத்திருப்பதாக ஜிஎஸ்டி தளத்தில் வந்தது. "நீ பெயருக்குத்தானே இருக்கிறாய், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார் கணவர். ஜிஎஸ்டியை ரத்து செய்துவிட்டுக் கொழுந்தனார் பெயரில் புதிதாகத் தொடங்கலாம், அம்மா எழுதிக்கொடுத்த வீட்டை இப்போதே திருப்பி அம்மா பெயருக்கே மாற்றிவிடலாம் என்றும் சொல்கிறாராம். தன்னைக் கைது செய்வார்களா, இதிலிருந்து எப்படி வெளியே வருவது என்பவை இவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

வக்கீல் நோட்டீஸ் கைக்கு வந்து ஐந்து நாள் ஆகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அதனால் அவசரமான பகுதியைக் கடிதம் கிடைத்த அன்றே தனியாக எழுதி அனுப்பிவிட்டேன். உங்கள் நிலையில் நிறையப் பெண்கள் இருக்கிறார்கள் என்பதால் முழுப் பதிலையும் இங்கே எழுதுகிறேன்.

உங்கள் ஜிஎஸ்டி எண்ணை எடுத்துப் பாருங்கள். பதினைந்து இலக்கம். முதல் இரண்டு 33, அது தமிழ்நாடு. அடுத்து வரும் பத்தும் உங்கள் பான் எண், அப்படியே எழுத்து மாறாமல் இருக்கும். அந்தப் பானில் நான்காவது எழுத்து 'பி'. தனிமனிதர் என்பதற்கான அடையாளம் அது. ஒரு லிமிடெட் கம்பெனியாக இருந்தால் அந்த இடத்தில் 'சி' இருக்கும், கம்பெனிக்கென்று தனிப் பான் இருக்கும். உங்கள் தொழிலுக்குத் தனிப் பான் கிடையாது. போர்டில் எழுதியிருக்கும் பெயர் வியாபாரத்துக்கு நீங்கள் வைத்துக்கொண்ட பெயர், அவ்வளவுதான். சட்டத்தின் கண்ணில் அந்த நிறுவனமும் நீங்களும் ஒருவரே. இந்த வகைத் தொழிலைப் பதிவு செய்யவென்று நம் நாட்டில் தனிச் சட்டமோ தனிப் பதிவாளர் அலுவலகமோ இல்லாததற்கும் காரணம் இதுதான். ஜிஎஸ்டி, உத்யம், உள்ளாட்சி உரிமம் போன்ற தாள்களை வைத்துத்தான் வங்கி கணக்கு திறக்கிறது.

ஆகவே "நான் பெயருக்கு மட்டும்" என்ற நிலை குடும்பத்துக்குள் இருக்கலாம். சப்ளையரிடமோ வங்கியிடமோ வரித்துறையிடமோ அப்படியொரு நிலையே இல்லை. தொழிலின் கடன் உங்கள் கடன். தொழிலில் போட்ட முதலோடு பொறுப்பு நின்றுவிடும் என்பதும் கிடையாது. உங்கள் சேமிப்புக் கணக்கு, நகை, அம்மா தானமாக எழுதிக்கொடுத்த வீடு எல்லாமே அந்தப் பொறுப்புக்குள் வருகின்றன. கணவர் பெயரில் ஏதாவது சொத்து இருந்தால், அவர் எங்கும் ஜாமீன் கையெழுத்துப் போடாதவரை, உங்கள் கடன்காரர்கள் அதன்மேல் கைவைக்க முடியாது. யோசித்துப் பார்த்தால் விசித்திரம்தான். முடிவெடுப்பவர் பத்திரமாக இருக்கிறார், பில் போடுபவர் மாட்டிக்கொள்கிறார்.

செக் நோட்டீஸ்

செலாவணி முறிச் சட்டம் 138-ஆம் பிரிவில் நாள் கணக்கு மிக முக்கியம். செக் திரும்பியது தெரிந்த 30 நாளுக்குள் சப்ளையர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து பணம் கட்ட 15 நாள். கட்டிவிட்டால் குற்றமே இல்லை. கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் அவர் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம். அதிகபட்சத் தண்டனை இரண்டு வருடச் சிறை, அல்லது செக் தொகையைப்போல் இரு மடங்குவரை அபராதம், அல்லது இரண்டும்.

"வெற்றுச் செக்கில்தான் கையெழுத்துப் போட்டேன், தொகையை நான் எழுதவில்லை" என்ற வாதம் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்கிறீர்கள். காப்பாற்றாது. மனமறிந்து கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுச் செக்கை வாங்கியவர் பூர்த்தி செய்துகொண்டாலும், அது கடனுக்காகக் கொடுக்கப்பட்டது என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும் என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லிவிட்டது. அப்படியில்லை என்று காட்டும் சுமை உங்களுடையது. கணவரையும் வழக்கில் சேர்க்க முடியுமா என்றால், முடியாது. பார்ட்னர்ஷிப்பிலும் லிமிடெட் கம்பெனியிலும் நிர்வாகத்தைக் கவனித்தவர்களையும் குற்றவாளிகளாகச் சேர்க்க வழி உண்டு. உங்களுடையதுபோல் ஒருவர் மட்டுமே உரிமையாளராக இருக்கும் தனியுரிமை நிறுவனத்துக்கு அந்த வழி பொருந்தாது. கணக்கும் கையெழுத்தும் யாருடையதோ அவர் ஒருவர்தான்.

ஆனால் உங்கள் கடிதத்தின் நான்காம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "இதில் ஒன்றரை லட்சம் ஏற்கெனவே அக்கவுண்டில் போட்டாச்சு." எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. செக் கொடுத்த பிறகு, அது வங்கியில் போடப்படுவதற்கு முன், கடனில் ஒரு பகுதியைக் கட்டியிருந்தால், அதைச் செக்கில் குறிக்காமல் முழுத் தொகைக்கும் வசூலுக்குப் போட்டது 138-க்குள் வராது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே பணம் போன தேதி, செக்கின் தேதி, செக்கை வங்கியில் போட்ட தேதி ஆகிய மூன்றும் எந்த வரிசையில் இருக்கின்றன என்று ஸ்டேட்மெண்டில் பாருங்கள். வரிசை சரியாக இருந்தால் உங்கள் பதில் நோட்டீஸின் முதுகெலும்பு அதுதான். அதற்காக மீதி 3,10,000 ரூபாய் கடன் மறைந்துவிடாது. சரக்கை வாங்கியிருக்கிறீர்கள், அது கொடுக்க வேண்டிய பணம். சிவில் வழக்குப் போட அவருக்கு உரிமை உண்டு. இரண்டு அல்லது மூன்று தவணையில் தருவதாக எழுத்தில் பேசி முடிப்பதே உங்களுக்கு லாபம். செக் வழக்கை எந்தக் கட்டத்திலும் சமரசமாக முடித்துக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. சமரசம் பேசும்போது பழைய செக்கைத் திரும்ப வாங்காமல் புதிய செக் கொடுத்துவிடாதீர்கள்.

ஜிஎஸ்டி நோட்டீஸ்

நீங்கள் அதிகம் பயந்திருப்பது இதற்கு. இரண்டில் லேசானது இதுதான். சப்ளையர்கள் தங்கள் ரிட்டர்னில் காட்டும் விற்பனையை வைத்து 2பி என்ற பட்டியல் உங்களுக்கு உருவாகும். நீங்கள் வரி கட்டும் 3பி ரிட்டர்னில் அதைவிடக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் அதிகமாக இன்புட் எடுத்தால் டிஆர்சி-01சி என்ற இந்தத் தகவல் தானாக வரும். ஏழு நாளுக்குள் வித்தியாசத்தைக் கட்ட வேண்டும், அல்லது காரணம் சொல்ல வேண்டும். சும்மா விட்டால் விற்பனையைக் காட்டும் அடுத்த ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னைத் தாக்கல் செய்ய முடியாமல் தளம் தடுத்துவிடும்.

பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்: ஏதோ ஒரு சப்ளையர் பில்லைத் தன் ரிட்டர்னில் காட்டவில்லை. எந்தப் பில் என்று கண்டுபிடித்து அவரைக் காட்டச் சொல்லுங்கள். அதுவரை அந்த இன்புட்டைத் திருப்பிவிட்டு, அவர் காட்டிய பிறகு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தொகையை ஏற்கெனவே வரி கட்டப் பயன்படுத்தியிருந்தால் வருடத்துக்கு 18 சதவீத வட்டி வரும். ஒருவேளை சரக்கே வராமல் பில் மட்டும் வாங்கியிருந்தால் கதை வேறு. கணவரிடமும் டாக்ஸ் பார்ப்பவரிடமும் இதை நேராகக் கேளுங்கள். நீங்கள் மாதா மாதம் படித்துச் சொன்ன அந்த ஆறு எண்தான் அந்த ரிட்டர்னில் உங்கள் கையெழுத்து.

கைது செய்வார்களா?

நோட்டீஸ் சொல்லும் அளவில் பார்த்தால், இந்த ஜிஎஸ்டி வித்தியாசத்துக்குக் கைது இல்லை. அந்த அதிகாரம் கோடிக்கணக்கில் நடக்கும் போலி பில், வரி ஏய்ப்புக்கானது. செக் வழக்கு ஜாமீனில் விடக்கூடிய குற்றம். போலீஸ் தானாக வீட்டுக்கு வராது, நீதிமன்றத்திலிருந்து சம்மன் வரும். சம்மனை வாங்காமல் ஒளிந்துகொண்டால்தான் வாரண்ட். சப்ளையர் சிவில் வழக்கில் ஜெயித்துப் பணத் தீர்ப்பு வாங்கினாலும், அதை நிறைவேற்றுவதற்காக ஒரு பெண்ணைக் கைது செய்து சிவில் சிறையில் வைக்க முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு அதைத் தெளிவாகத் தடுக்கிறது. அதே சட்டத்தின் 60-ஆம் பிரிவு, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத அணிகளை ஜப்தி செய்வதைத் தடுக்கிறது. தாலி அப்படிப்பட்டது. மற்ற நகைக்கும் வீட்டுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

வீட்டை அம்மா பெயருக்குத் திருப்பி எழுதும் யோசனையை இன்றே கைவிடுங்கள். கடன்காரரை ஏமாற்றும் நோக்கில் செய்த சொத்து மாற்றத்தை அவர் கேட்டால் நீதிமன்றம் செல்லாததாக்கலாம். அதைவிட, நோட்டீஸ் வந்த பிறகு எழுதிய தானப் பத்திரம் உங்கள் நேர்மையையே சந்தேகத்தில் வைத்துவிடும். மூன்று லட்சத்துச் சொச்சக் கடனுக்கு அது தேவையே இல்லை.

ரத்து செய்துவிட்டுக் கொழுந்தனார் பெயரில்?

ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்யலாம், விண்ணப்பம் சுலபம்தான். ஆனால் ரத்து செய்த தேதிவரைக்கான வரி, வட்டி, அபராதம் எதுவும் அதோடு போகாது. கையிருப்புச் சரக்குக்கு எடுத்த இன்புட்டைக் கணக்குப் பார்த்துக் கட்ட வேண்டும். மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற கடைசி ரிட்டர்ன் போட வேண்டும். செக் வழக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தொழிலை அப்படியே இன்னொருவருக்கு மாற்றினால், மாற்றிய நாள்வரையிலான வரிப் பாக்கிக்குக் கொடுத்தவரும் வாங்கியவரும் சேர்ந்தே பொறுப்பு. கணவரின் யோசனையில் நீங்கள் விடுபடவில்லை, கொழுந்தனாரும் உள்ளே வருகிறார். அடுத்த வருடம் அவருடைய மனைவி எனக்குக் கடிதம் எழுதுவார்.

மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். திவால் மனு செக் வழக்கை நிறுத்தாது, அரசுக்கான பாக்கியைத் தள்ளுபடி செய்யாது. உங்கள் கடன் அந்த அளவுக்கும் இல்லை.

சரி, அப்புறம் என்னதான் செய்வது?

பாக்கிகளைத் தீர்த்துத் தொழிலை முறைப்படி மூடுவது ஒரு வழி. அப்படிச் செய்தால் வீட்டு வருமானம் நின்றுவிடும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கணவர் பெயருக்கு மாற்றுவது இன்னொன்று. அவர் தன் பானில் புதிதாக ஜிஎஸ்டி எடுக்க வேண்டும், உங்கள் எண் அவருக்குப் போகாது. அவருடைய சிபிலை வைத்து வங்கியில் கடன் வரம்பு கிடைப்பது கடினம்.

மூன்றாவது, இருவரும் பார்ட்னர்களாவது. நடப்பது எதுவோ அதையே தாளிலும் எழுதுவது என்ற வகையில் இது நேர்மையான வடிவம். பொறுப்பு இருவருக்கும் வரும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் 1932-ஆம் வருடப் பார்ட்னர்ஷிப் சட்டப்படி பதிவு செய்யாத நிறுவனம் வாடிக்கையாளர்மேல் பாக்கிக்கு வழக்குப் போட முடியாது. எனவே பதிவு செய்யுங்கள். கணவரின் பழைய கடன்காரர்கள் அவருடைய பங்கின்மேல் நீதிமன்ற உத்தரவு வாங்கலாம் என்பது இதன் பலவீனம். நான்காவது, ஒரு நபர் கம்பெனி. அதற்குத் தனிச் சட்ட உருவம் உண்டு, இனிவரும் கடன்களுக்கு உங்கள் வீட்டுக்கு ஓரளவு பாதுகாப்பு கிடைக்கும். ஆனால் பழைய கடன் உங்களோடேயே நிற்கும். விற்றுமுதல் எவ்வளவாக இருந்தாலும் வருடா வருடம் ஆடிட் கட்டாயம். வங்கி எப்படியும் உங்கள் சொந்த ஜாமீனைக் கேட்கும். இப்போதைக்கு இது வேண்டாம்.

என் யோசனை, நீங்களே இந்தத் தொழிலை நடத்துங்கள். எந்த வாடிக்கையாளர் எத்தனை நாள் இழுப்பார், யாருக்கு இனிக் கடன் கொடுக்கக்கூடாது என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தைப் படித்த எவரும் உங்களைப் 'பெயருக்கு' இருப்பவர் என்று சொல்லமாட்டார்கள். கணவர் கொள்முதலையும் விற்பனையையும் பார்க்கட்டும். பணமும் கையெழுத்தும் உங்களிடம் இருக்கட்டும். ஓரிரு வருடம் கணக்கு சீரான பிறகு பார்ட்னர்ஷிப்பா கம்பெனியா என்று யோசிக்கலாம்.

அதற்கு முதலில் செய்ய வேண்டியவை, முக்கியமான வரிசையில்:

செக் தாள்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவற்றில் எந்தெந்த எண்கள் இன்னும் வெளியே இருக்கின்றன, யாரிடம் என்று பட்டியல் எடுங்கள். யாருக்கும் பாக்கி இல்லாமல் ஜாமீனாகக் கிடப்பவற்றைத் திரும்பக் கேளுங்கள், கிடைக்காதவற்றுக்கு வங்கியில் எழுத்தில் நிறுத்தக் கடிதம் கொடுங்கள். உண்மையான கடனுக்குக் கொடுத்த செக்கை இப்படி நிறுத்தினாலும் 138 வரும், அதை மறக்காதீர்கள்.

கடவுச்சொற்கள். ஜிஎஸ்டி தளத்தில் டாக்ஸ் பார்ப்பவரின் மின்னஞ்சல் இருக்கிறது என்கிறீர்கள். அதனால்தான் நோட்டீஸ் வந்ததே உங்களுக்குத் தாமதமாகத் தெரிந்தது. உங்களுடையதாக மாற்றுங்கள். நெட் பேங்கிங்கும் அப்படியே. கணக்கு உங்களுடையது என்பதால் வங்கியில் யாருடைய சம்மதமும் தேவையில்லை. இனி ஆறு எண்ணைச் சொல்வதற்கு முன் ரிட்டர்னின் பிரதியை அனுப்பச் சொல்லி, உங்கள் பில் கணக்கோடு ஒத்துப் பாருங்கள். பி.காம். படித்தவருக்கு ஒரு மணி நேர வேலை.

வருமான வரி. லாபம் முழுவதையும் உங்கள் கணக்கில் காட்டி வருவதாக எழுதியிருக்கிறீர்கள். கணவர் போட்ட இரண்டு லட்சம் அன்பளிப்பாக வந்திருந்தால், அந்த விகிதத்துக்கான லாபம் அவர் வருமானத்தோடு சேர்க்கப்பட வேண்டும். கடனாக வந்திருந்தால் அப்படி இல்லை. நகை உங்கள் பிறந்த வீட்டுச் சீர் என்பதால் அந்தப் பங்கில் சிக்கல் இல்லை. ஆடிட்டரிடம் இந்த ஒரு விஷயத்தைக் கேளுங்கள்.

கணவரிடம், தொழிலால் வரும் கடனுக்குத் தானும் பொறுப்பு என்று ஒரு ஒப்பந்தம் எழுதி வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாங்கலாம். அது உங்கள் இருவருக்குள் செல்லும், சப்ளையரையும் வரித்துறையையும் கட்டுப்படுத்தாது. நான் அதைவிடச் செக் புக் உங்கள் பீரோவில் இருப்பதை அதிகம் நம்புவேன். "கேட்டால் சண்டை வரும்" என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்குள் எப்படிப் பேசுவது என்று சொல்ல என்னைப்போன்ற வக்கீலுக்கு யோக்கியதை இல்லை. ஆனால் இரண்டு நோட்டீசிலும் யார் பெயர் இருக்கிறது என்பதை அவர் முன் வைத்துவிட்டுப் பேசுங்கள்.

வக்கீல் கட்டணத்துக்கு இப்போது வழியில்லை என்கிறீர்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 1987-ஆம் வருடச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது வக்கீல் நோட்டீஸை அது வந்த உறையோடு எடுத்துப் போங்கள், 15 நாள் எப்போது தொடங்கியது என்பது தபால் பதிவிலும் உறையிலும்தான் தெரியும். செக் திரும்பியதற்கு வங்கி கொடுத்த மெமோ கிடைத்தால் அதன் நகல், அந்த சப்ளையரின் பில்கள், ஒன்றரை லட்சம் போன பக்கத்தைக் குறித்து வைத்த ஸ்டேட்மெண்ட், இவை போதும்.